நாய்க்கு நம்ம மாத்திரையா?

எங்க வீட்டு மணிக்கு (நாய்தாங்க!) போன மாதம் ஒரே அரிப்பு. ராத்திரி முழுக்க சுவரில் உரசி, யாரையும் தூங்க விடவில்லை. 'எனக்குத் தடிப்பு வந்தா செட்ரிசின் போடறேன். அதுக்குப் பாதி கொடுத்தா என்ன?' என்று மருந்து டப்பாவைத் துழாவினேன். கிடைத்தது, சளிக்கு வாங்கிய மிச்சம். மாத்திரையைத் தயிர் சாதத்தில் வைத்துவிட்டேன். பத்தாவது படிக்கும் மகள்தான் தட்டைப் பிடுங்கி, அட்டையைப் படித்தாள். செட்ரிசினோடு பாரசிட்டமால், பினைலெஃப்ரின் எல்லாம் இருக்கு!

மறுநாள் கால்நடை டாக்டர் திட்டாத குறைதான். தனி செட்ரிசினை அவர்களே நாய்க்கு எழுதித் தருவார்களாம்; அதுவும் எடை பார்த்து. பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலும் ரத்தமும் கெடுமாம். மூக்கடைப்பு மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றுமாம். சிரப்பில் இனிப்புக்காக சைலிடால் சேர்ந்திருந்தால், நாய்க்கு அது விஷமேதானாம்.

அப்புறம் வாலடி முடியை விலக்கிக் காட்டினார். தெள்ளுப்பூச்சி! நான் மாத்திரை கொடுத்திருந்தாலும் அது போயிருக்காது. பூச்சிக்கு மருந்து போட்டு, படுக்கிற சாக்கைக் கொதிநீரில் அலசிய பிறகே அரிப்பு நின்றது.

குழந்தைக்குத் தும்மல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். வாயில்லா ஜீவனுக்கு மட்டும் நாமே டாக்டராகி விடுகிறோமே, ஏன்? மருந்து கம்பெனிக்காரர்களும் அட்டையில் கடுகு மாதிரி எழுத்தில், அதுவும் இங்கிலீஷில் போட்டால் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் படிப்பது? உள்ளே என்னென்ன மருந்து என்று தமிழில் கொஞ்சம் பெரிசா போடட்டுமே!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.