நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்பம்

நம் நாட்டில் சிறிய குடும்பக் காரின் உருவத்தை வடிவமைப்பாளர்களோடு வரிவிதியும் சேர்ந்தே தீர்மானித்து வந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாத, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. அன்று முதல் நான்கு மீட்டர் என்பது தயாரிப்பாளர்களுக்கு ஓர் எல்லைக்கோடாயிற்று.

மாருதி டிசையர் இதற்குத் தக்க சான்று. 2008இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் மறுவடிவம் பெற்றபோது அது 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. டிக்கியின் கொள்ளளவும் 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகக் குறைந்தது. ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டியைக் குறைத்துக்கொண்டு, வரிச் சலுகையைப் பெறும் இந்த ஏற்பாட்டை நாம் குறை கூறோம்.

2024 நவம்பரில் வந்த நான்காம் தலைமுறை டிசையர் வேறொன்றை உணர்த்தியது. அதே 3,995 மில்லிமீட்டருக்குள், எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகள் இடம்பெற்றன. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரங்களும் குழந்தைகளின் பாதுகாப்புக்கு நான்கும் கிடைத்தன. சிறிய காரில் இவ்வளவுதான் முடியும் என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது.

பாதுகாப்பைக் கூட்டினால் விலை ஏறும். இருசக்கர வாகனத்தில் நால்வராகச் செல்லும் குடும்பம் காருக்கு மாற இயலாது என்பர். புறந்தள்ளத்தக்க வாதமன்று இது. அதனால்தான் வரிச் சலுகை இங்கே உதவ வேண்டும் என்கிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இச்சலுகைக்கு நீளமும் எஞ்சினும் அளவுகோல்களாக உள்ளன. மோதல் சோதனையில் பெறும் நட்சத்திரங்களையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனை முறையே இருக்கிறது. எனினும், அதில் பங்கேற்பது தயாரிப்பாளரின் விருப்பம்.

விதி மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஷோரூமில் திரையின் அளவையும் மாதத் தவணையையும் கேட்பதற்கு முன், நட்சத்திரங்கள் எத்தனை என்று கேட்போம். ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் தவணை கட்டப்போகும் காரில் நாள்தோறும் அமரப்போவது நம் பிள்ளைகள் அல்லவா?