போர்க்காலத்தில் ஒரு அல்லிக்குளம்

ஊரே பற்றி எரியும்போது குளத்தையும் பூவையும் வரைவது பொறுப்பற்ற வேலை என்பார்கள். பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே அதைத்தான் செய்தார். முதல் உலகப் போர் மூண்டபோது அவருக்கு 73 வயது. மனைவியும் மூத்த மகனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; இளையவன் போர்முனைக்குப் போனான்; கண்ணிலோ புரை. அவர் வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்தை விட்டுப் பலர் கிளம்பினார்கள், கிழவர் அசையவில்லை. பெரிய கூடம் ஒன்றைக் கட்டி, ஆளுயரத்துக்கு மேற்பட்ட திரைகளில் தன் தோட்டத்து அல்லிக்குளத்தைத் தீட்டினார். ஊரார் சாகையில் நிறத்தையும் வடிவத்தையும் நினைத்துக்கொண்டிருக்க வெட்கமாக இருப்பதாக அவரே நண்பருக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கூச்சம் இருந்ததால்தான் இந்தப் படங்களை நம்பத் தோன்றுகிறது. அவற்றில் தொடுவானம் கிடையாது. பல இடங்களில் கரையும் இல்லை. கிட்டே போனால் பச்சையும் ஊதாவுமாகத் தீற்றல்கள். நாலடி பின்னால் வந்தால்தான் தண்ணீர். எல்லாம் நல்லபடி முடியும் என்ற வாக்குறுதி எதுவும் இதில் இல்லை. நாளையும் வெளிச்சம் மாறும், அதைப் பார்க்க ஒரு ஆள் நிற்பான், அவ்வளவுதான். காலண்டர் சூரியோதயங்களைவிட இதுவே எனக்கு நேர்மையான நம்பிக்கை. 1918 நவம்பர் 11-இல் போர் நின்றது. மறுநாளே மோனே, இரண்டு ஓவியங்களை நாட்டுக்குத் தருவதாகப் பிரதமர் க்ளெமான்சோவுக்குக் கடிதம் போட்டார். இரண்டு பெருகி, பாரிஸின் ஒரான்ஜெரி அருங்காட்சியகத்தில் இரு கூடங்களை நிறைத்தது. 1927 மே மாதம் அவை திறக்கப்பட்டபோது மோனே இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.