அடுப்புக்குப் பிறகுதான் ஜோதி

தைப்பூசத்தன்று வடலூரில் வள்ளலார் அமைத்த ஞானசபையில் ஜோதி தரிசனத்துக்கு நிற்கும் கூட்டத்தில் பலர் கேட்பது பணம் காசு இல்லை. "நல்ல புத்தியைக் கொடு சாமி" என்றுதான் கேட்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரனான நான் இதைச் சிறுவயதிலிருந்து காதால் கேட்டு வருகிறேன். ஜோதியை மறைக்கும் ஏழு திரைகளில் மாதப் பூசத்தில் ஆறு விலகும். தைப்பூசத்தில் ஏழும் விலகும். கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே பேருந்து நிலையத்துக்கு நடந்துவிடுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிற தருமச்சாலைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் போகிறவர்களைக் கண்டால் மனம் கேட்பதில்லை.

வள்ளலார் முதலில் எழுப்பியது ஞானசபையை அல்ல, சோற்றுச் சாலையை. 1866-இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. மறு ஆண்டு மே 23-ஆம் தேதி, வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. அது இன்றுவரை அணையவில்லை. ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது 1872 தைப்பூசத்தில்தான். ஜோதியைக் காட்டுவதற்கு நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார். இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை.

'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற தம் உரைநடை நூலில் அவரே காரணத்தை விளக்குகிறார். பசி மிகுந்தால் உயிரின் அறிவு மங்கும். அறிவு மங்கினால் அதற்குள் விளங்கும் கடவுளும் மறைந்துபோவார். ஆகவே ஒருவர் பசியை ஆற்றுவது என்பது, அவருக்குள் கடவுள் விளங்க இடம் செய்து கொடுப்பது. சரி, அடுத்தவர் பசியைக் கண்டும் சிலருக்கு மனம் இளகுவதில்லையே, ஏன்? எல்லா உயிரும் ஒரே கடவுளால் வந்த சகோதரர்கள் என்பதைக் காணவேண்டிய ஆன்ம அறிவு என்னும் கண் அவர்களுக்கு மழுங்கிவிட்டது என்கிறார். எனக்குத் தெரிந்து ஞானத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. எதிரே நிற்பவனை உறவு என்று அடையாளம் கண்டுகொள்கிற பார்வை அது.

வள்ளலாரை வெறும் சமூகச் சீர்திருத்தவாதி ஆக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சாதியையும் சமயச் சண்டையையும் அவர் தள்ளியது கடவுளை விட்டு விலகியதால் அல்ல, நெருங்கியதால். கடவுள் நம்பிக்கையை எடுத்துவிட்டால் அந்த உறவுக்கே அவர் சொன்ன வேர் இல்லை.

எங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளிப் பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவார். டப்பா நிறைந்தால் அது தருமச்சாலைக்குப் போய்விடும். அரிசிப் பானையில் அடி தெரிகிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. நமக்கே இல்லையே என்றால், "அது நம்முது இல்லப்பா, அவங்களுது" என்பார். ஒரு சொற்பொழிவுக்கும் போகாதவர். ஆனால் வாசலில் வந்து நிற்பவர் பசியோடு வந்திருக்கிறாரா, வேறு காரியமாக வந்திருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொள்வார். எதையும் கேட்பதற்கு முன் சொம்புத் தண்ணீரை நீட்டுவார். அந்தப் பார்வை பிடியரிசியால் வளர்ந்தது என்றே நினைக்கிறேன்.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ஐ 2021-இல் தமிழக அரசு 'தனிப்பெருங்கருணை நாள்' என்று அறிவித்தது. நல்லது. அன்று பள்ளிகளில் பேச்சுப்போட்டி வைப்பதைவிடப் பிள்ளைகளை ஒரு பந்தியில் பரிமாற விடலாம். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் தருமச்சாலைக்குப் போங்கள். வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஒரு மணி நேரம் இலை போட்டு, சோறு வைத்து, எச்சில் இலை எடுங்கள். பிள்ளைகளையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஜோதி பார்க்க வரிசையில் நில்லுங்கள்.