ஒரு வாட் போதும்

கிடார் ஆம்ப் வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் வேணும்?" வாங்குபவரும் சளைத்தவரில்லை. நூறு வாட் என்றால் ஐம்பதைப் போல இரண்டு மடங்கு சத்தம் என்று மனக்கணக்குப் போட்டு, தவணையில் தூக்கிக்கொண்டு வருகிறார். இந்தக் கணக்கு அடியோடு தப்பு.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். பக்கத்தில் நிற்பவர் "கொஞ்சம் கூட்டினியா?" என்று கேட்கும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபலை ஸ்பீக்கரை மாற்றியே வாங்கிவிடலாம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் உண்டு, 100 தருவதும் உண்டு. செலஸ்டியன் விண்டேஜ் 30 இரண்டாவது ரகம். இந்த எண் விவரத்தாளிலேயே இருக்கிறது. அதைச் சொல்லி விற்கும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, ஒரே ஒரு வாட்டுக்கு 100 டெசிபல். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார அமைப்பான நியோஷின் கணக்குப்படி அந்தச் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் இருக்கலாம். பத்துக்குப் பத்து அறையில் நூறு வாட் எதுக்கு? செத்துப்போன காது நரம்பு முளைக்காது.

"மேடைக்கு வேணும்ல?" என்பார்கள். இன்றைய மேடையில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1965இல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்களோடு ஐம்பத்தைந்தாயிரம் பேர் முன்னால் நின்றார்கள். கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. அந்தக் காலத்து நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டைத்தான் நாம் இன்னும் படுக்கையறைக்காக வாங்கிக்கொண்டிருக்கிறோம். (எங்கள் தொழிலில் மின்னஞ்சல் பார்க்க பதினாறு கோர் மடிக்கணினி வாங்குகிற கூட்டமும் இதே ஜாதிதான்.)

இதில் இன்னொரு கூத்து. வால்வு ஆம்புக்கு இருக்கிற மவுசே அதை நெருக்கும்போது வரும் கரகரப்புக்காகத்தான். ஃபிளாட்டில் நூறு வாட் ஆம்பின் குமிழை ஒன்றைத் தாண்டித் திருக முடியாதவருக்கு, பவர் வால்வுகளின் அந்தக் கரகரப்பு கடைசி வரை கிடைக்காது. ஐந்து வாட் வைத்திருப்பவருக்கு வாய்ப்பாவது உண்டு. அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக அமைய வேண்டும்.

ஸ்பீக்கரை வெறும் வாய் என்று நினைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். கரகரப்பின் முள்ளை மழிப்பது அதுதான். அதே ஒலியை வீட்டு ஹைஃபை ஸ்பீக்கரில் விட்டுப் பாருங்கள், தேனீக் கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் சுற்றின் கிட்டத்தட்ட நகல். வால்வுகளிலும் சில மாற்றங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டிக்குள் நான்கு 10 அங்குல ஜென்சன். மார்ஷலுக்கோ மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன். ராக் இசையின் ஒலி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குச் சொந்தம்.

இணைப்பு விஷயத்தில் கதை இன்னும் மோசம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் கோர்த்தால் 4 ஓம், தொடரிணைப்பில் 16. பத்தாம் வகுப்புப் பாடம். ஆம்பின் பின்புறம் "குறைந்தபட்சம் 8 ஓம்" என்று எழுதியிருக்க, இன்னொரு கேபினட்டைச் சேர்த்து 4 ஓமுக்கு இறக்கி, டிரான்சிஸ்டர் ஆம்பைச் சூடேற்றி எரிப்பவர்கள் உண்டு. வால்வு ஆம்பில் ஸ்பீக்கரே மாட்டாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலி. அந்த ஆம்பிலேயே விலையுயர்ந்த உறுப்புகளில் அது ஒன்று. ஹெட்டிலிருந்து கேபினட்டுக்குக் கிடார் ஒயரைப் போடுவதையும் பார்க்கிறேன். பின் ஒரே மாதிரி இருக்கிறதாம். கிடார் ஒயருக்குள் இருப்பது மெல்லிய கம்பியும் அதைச் சுற்றிய வலையும். ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்துக்கு அது செய்யப்படவில்லை. தடித்த இரட்டைக் கம்பி ஒயர் தனியாகவே விற்கிறது, விலையும் பெரிதில்லை. பில் போடும்போது அதையும் சேர்த்து எடுத்து வைக்கக் கடைக்காரருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.