குழிக்குள் யாருக்கு ஹெல்மெட்?

பட்ச் ட்ரிப்புக்கு முதல் நாள் வட்ஸ்அப் குறூப்பில ஒரு லிஸ்ட் வந்தது. மூடின சப்பாத்துப் போடுங்க, தண்ணிப் போத்தல் கொண்டு வாங்க, குழி விளிம்பில நிண்டு செல்ஃபி எடுக்காதீங்க. எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனா அந்தக் குழிக்குள்ள இறங்கி வேலை செய்யிற மனுசரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்ட சண்டை அங்கதான்.

போனது இரத்தினபுரிக்கு. வயலுக்கு நடுவில நேர்கீழாக வெட்டின மாணிக்கக் குழி. மண் சரியாமல் இருக்க மரச்சட்டம், அதுக்குப் பின்னால திணிச்ச பன்ன இலைகள். ஊறுற தண்ணியை எஞ்சின் பம்ப் ஒண்டு இறைச்சுக்கொண்டே இருக்கு. அது நிண்டால் அடியில நிக்கிறவர் என்ன ஆவார்? கல் கலந்த சரளைக்குச் சிங்களத்தில 'இல்லம்' எண்டு பேர். (நமக்கு இல்லம் எண்டால் வீடு. அந்தச் சகதியாலதான் அவங்கட வீட்டு அடுப்பு எரியுது.) பல குழிகளில மாதச் சம்பளம் கிடையாது. கல் கிடைச்சால் பங்கு, கிடைக்காட்டி அதுவும் இல்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். பொலிவியாவில் பொத்தோசி எண்டொரு நகரம், கடல்மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கு மேலே. 1545இல் அங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பானிய ஆட்சி பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்குச் சுரங்கத்தில் இறக்கியது. 1987இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை ஆக்கியது, 2014இல் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. சுரங்கம் இண்டைக்கும் ஓடுது. டூரிஸ்டுக்கு ஹெல்மெட், லைட், பூட்ஸ் குடுத்து, தொழிலாளிக்குப் பரிசாகக் கோக்கா இலையும் டைனமைட்டும் வாங்க வைச்சு உள்ளே கூட்டிப்போறாங்க. ரெண்டு மணித்தியாலம் தூசு குடிச்சவர் ஹோட்டலுக்குப் போய்க் குளிக்கிறார். வருசக்கணக்காகக் குடிக்கிறவருக்கு சிலிக்கோசிஸ். நுரையீரல் தழும்பேறிப் போகும், குணமாக்க மருந்தில்லை.

"ஆக்கள் போனால்தானே மச்சான் அவங்களுக்கும் காசு" எண்டான் கூட்டாளி. அப்ப எங்கட டிக்கட் காசில குழிக்குள்ள நிண்டவருக்கு எவ்வளவு? கூட்டிப்போனவரிட்டக் கேட்டன். சிரிச்சார், அவ்வளவுதான்.

போகவே கூடாது எண்டு நான் சொல்லல்ல. போறதெண்டால் காசு யாருக்குப் போகுது எண்டு முதல் கேளுங்க. மழையில மண் ஊறிக் கிடந்தால் நீங்களும் இறங்க வேணாம், உங்களுக்குக் காட்டுறதுக்காக அவரையும் இறக்க வேணாம். படம் எடுக்க முதல் அவரிட்டக் கேளுங்க, கூட்டிப்போனவரிட்ட இல்லை.

என்ட மாமா மட்டக்களப்பு வாவியில வலை வீசுறவர். ஒருநாள் விடிய, படகுச் சவாரி வந்த ஆக்கள் "அங்கிள், இன்னொருக்கா வீசுங்க, வெளிச்சம் நல்லா இருக்கு" எண்டாங்க. மாமா வீசினார். மீன் வரல்ல. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அவர் சிரிக்க, எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இரத்தினபுரியில விளிம்பில குந்திக்கொண்டு, "ஐயே, உட பலன்ன" எண்டு தெரிஞ்ச சிங்களத்தில கத்தி, சேற்றுக்குள்ள குனிஞ்சு நிண்டவரை போனுக்காக மேலே பார்க்க வைச்சது நான்தான்.