துப்பாக்கி கேம் கெட்டதா? ஒரு டாக்டர் ஆடிப் பார்த்த 'டஸ்க்' (த்ரெட்)

1/ "டாக்டர், பையன் எந்நேரமும் சுடுற கேம்தான். முரடனா ஆயிடுவானா?" தேவதானப்பட்டியில மருந்துச் சீட்டை வாங்கிட்டு எந்திரிக்கும்போது பெத்தவங்க தயங்கிக் கேக்குற கேள்வி. பதில் சொல்ல, நானே ஆடி முடிச்ச ஒரு கேமை எடுத்துக்கறேன்.

2/ பேரு 'டஸ்க்'. 2018 டிசம்பர்ல வந்தது. டேவிட் சிமான்ஸ்கிங்கிற ஒருத்தர் பெரும்பகுதி தனியாளா உருவாக்கினது. அமெரிக்காவுல பென்சில்வேனியா கிராமப்புறம். நிலவறையில ரெண்டு கதிர் அரிவாளோட ஆரம்பிக்கிறீங்க. எதிரே மெஷின் ரம்பத்தோட மூணு பேர்!

3/ பெரிய பலம், சூழல். 1996ல வந்த 'க்வேக்' காலத்து மாதிரி கரடுமுரடான படம்தான். ஆனா இருட்டும், ஆண்ட்ரூ ஹல்ஷல்ட்டோட இசையும், மூடின கதவுகளும் வயித்தைக் கலக்கும். எங்க மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில்ல கருவறைக் கதவைத் திறக்கிறதில்ல, கதவுக்குத்தான் பூசை. அங்க நின்னவங்களுக்குத் தெரியும், காட்டாத ஒண்ணு மனசுல எவ்வளவு பெரிசா நிக்கும்னு. அங்க பக்தி, இங்க பயம்.

4/ ஒளிஞ்சிருந்தா காயம் தானா ஆறாது. மருந்து தேடி ஓடணும். ஒளிச்சு வச்ச சோப்புக் கட்டி ஒண்ணு கிடைக்கும், எறிஞ்சா எதிரி காலி. "கை கழுவுங்க"ன்னு சொல்லியே தொண்டை வத்தின எனக்கு இது பிடிக்காம இருக்குமா?

5/ குறைகள்: கதை மெலிசு. முதல் பாகத்துல பண்ணை, களஞ்சியம்னு நிஜ ஊரு மாதிரி இருக்கிறதாலதான் பயம். மூணாவது பாகம் கனவுலகத்துக்குப் போக, பயம் குறையுது. பெரிய வில்லன்களைச் சுத்தி ஓடிக்கிட்டே சுட்டா முடிஞ்சது. ரத்தம் ஜாஸ்தி, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

6/ தலைசுத்தலும் உண்டு. வேகம் அப்படி, சுவர்மேலயும் ஏறி நடக்கணும். கண்ணு "ஓடுறோம்"ங்கும், உள்காது "உக்காந்திருக்கோம்"ங்கும். கொடைக்கானல் மலைப்பாதை பஸ்ல வர்ற குமட்டலுக்கு இது தம்பி. குமட்டினா உடனே நிறுத்துங்க, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஆடாதீங்க. திரையை விட்டுத் தள்ளி உக்காருங்க, செட்டிங்ல பார்வைக் கோணத்தைக் கூட்டுங்க.

7/ இப்போ அந்தக் கேள்வி. வன்முறை கேம்தான் வன்முறைச் செயலுக்குக் காரணம்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லன்னு அமெரிக்க உளவியல் சங்கம் 2020ல சொல்லிச்சு. கத்துறது, தள்ளுறது மாதிரியான முரட்டுத்தனத்தோட சின்னத் தொடர்பு இருக்குன்னும் சொல்லிச்சு. ரெண்டையும் சேர்த்துப் படிங்க.

8/ 2022ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல 'கேமிங் டிஸார்டர்' இருக்கு. ஆட்டத்து மேல கட்டுப்பாடு போறது, மத்த எல்லாத்தையும்விட அதுவே முக்கியமாகிறது, கெடுதல்னு தெரிஞ்சும் விட முடியாதது. பொதுவா 12 மாசம் இப்படியே இருந்து, படிப்பும் வாழ்க்கையும் பாதிச்சிருக்கணும். துப்பாக்கியான்னு அது பார்க்கறதில்ல.

9/ 'டஸ்க்'குக்கு ஒரு தடவைதான் காசு. முடிவும் இருக்கு, முடிச்சேன், மூடினேன். போன்ல இலவசமா வர்ற பல கேமுக்கு முடிவே கிடையாது. தினம் ஒரு பரிசு, "இன்னும் ஒரே ஒரு மேட்ச்"!

10/ அதனால பிள்ளைகிட்ட "என்னத்தைச் சுடுறே?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "இந்த கேம் எப்போ முடியும்? நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?"ன்னு கேளுங்க. ரெண்டாவது கேள்விக்குப் பதில் வரலைன்னா, அப்போ கூட்டிட்டு வாங்க, பேசலாம்.