லாரிப் பட்டைக் கத்தின்னா இளக்காரமா?

"லாரிப் பட்டையில அடிச்சதுதானே? பழைய இரும்புக்கு இவ்ளோ விலையா?" நீலகிரிக்கு டூர் போய் பட்டறை வாசலில் இப்படிப் பேரம் பேசுகிறவர்கள், திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதுவும் பெரும்பாலும் லாரிப் பட்டைதான் சாமி!

பட்டையில் கார்பன் சுமார் 0.6 சதவீதம். ஜன்னல் கம்பி மாதிரி சாதா இரும்பில் 0.2 சதவீதம் தேறினாலே அதிகம். அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. பட்டைக்கு வரும். ஆனால் சும்மா வராது. காந்தம் ஒட்டாமல் போகிற சூட்டையும் (சுமார் 770 டிகிரி) கொஞ்சம் தாண்டிக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும். பதம் தப்பினால் விளிம்பு உதிரும், அல்லது மழுங்கும். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மொத்த உழைப்பும் வீண். கேட்கிற காசு இரும்புக்கு இல்லைங்க, இதுக்குத்தான்.

அதையும் நீலகிரியில் போய்ப் பேசுவதுதான் கொடுமை! தோடர், படகர் எல்லோருக்கும் கத்தியும் கோடரியும் அடித்துக் கொடுத்த கோத்தர்கள், கோத்தகிரி என்ற ஊர்ப் பெயரிலேயே இருக்கிறார்கள். படகர்கள் அதற்குத் தானியம் கொடுத்தார்கள். கடைச் சாமான் மலிவாக வந்ததும், 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்தது.

துருப் பிடிக்கும் என்பது நிஜம். குன்னூர் மழைக்கு ஒரே ராத்திரி போதும். துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவச் சோம்பல்படுகிறவர்கள் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தியே வாங்கட்டும். பட்டறைக்காரரிடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லாமல் இருந்தால் சரி.